தெரு போட்ட கோலம்

தெருவில் டிரில்லை இறக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். எங்கள் வேலையின் முதல் விதி அது. நுண்ணுயிர்களைக் கலந்து போட்ட சாலையான உயிர்த்தளம் அப்படித்தான் ஆளை அடையாளம் காணும். உள்ளங்கால் வழியாக எடை, நாடி எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் இடம் கொடுக்கும். கேட்காமல் துளைத்தால் முனையைக் கவ்விக்கொண்டு விடாது. ஒரு சாலைக்கு இவ்வளவு ரோஷமா என்று பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தெருவைப் பெயர்த்துவிட்டுப் புதுத்தளம் போட நகராட்சி முடிவு செய்திருந்தது. அதற்கு முன் மண்ணையும் தளத்தையும் சோதித்துச் சொல்ல வேண்டியவள் நான். மேடுபள்ளமாக இருக்கிறது, நடக்க முடியவில்லை என்பது தெருக்காரர்களின் புகார். முதல் நாள் வாசலுக்கு வாசல் துளைத்து எடுத்த மாதிரிகளைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே நல்ல செம்மண், அளவான ஈரம். தளத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. நறுக்கிப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். எல்லாம் கோலமாவு.

இந்தத் தெருப் பெண்கள் சுண்ணாம்புப்பொடி கலந்த மாவில் வருஷக்கணக்காகக் கோலம் போட்டிருக்கிறார்கள். தளத்திலுள்ள நுண்ணுயிர்களுக்குச் சுண்ணாம்புதான் தீனி. தின்னத் தின்னக் கோலத்தையும் கற்றுக்கொண்டுவிட்டன. இப்போது அங்கே யாரும் குனிந்து கோலம் போடுவதில்லை. விடியும் நேரத்தில் தளமே சுண்ணாம்பைக் கசியவிட்டு வீட்டுக்கு வீடு போட்டுவிடுகிறது. மறுநாள் காலை அதை நேரில் பார்த்தேன். முதலில் புள்ளிகள் மேலே வந்தன. பிறகு கோடுகள் ஊர்ந்து வந்து அவற்றைச் சுற்றின. நான் போட்ட துளைகளைக்கூட ஒதுக்கிக்கொண்டு வளைந்து போயின. அழகுதான். ஆனாலும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஒரு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வீட்டுப் பேச்சிமுத்து சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இதய ஆபரேஷன் ஆனவர். முந்தின நாள் மோர் கொடுத்தபோதே நெஞ்சுத் தழும்பைக் காட்டியிருந்தார்.

"மேடம், ஒரு உதவி. உங்க துளையாலதான் எங்க வாசல்ல கோலம் வரலன்னு எம்பொண்டாட்டிகிட்ட சொல்லணும்."

"எல்லா வாசல்லயும்தானே துளைச்சேன். மத்த வீட்டுல வந்திருக்கே?"

"வந்திருக்கு. எழவு விழப்போற வீட்டுலதான் வராது." மழை வரும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். "சாவு வீட்டுல கோலம் போடமாட்டோம்லா, அதையும் இது படிச்சிட்டு. மொதல்ல செத்த பொறவு நிறுத்துச்சு. இப்பம் சாகப்போற அன்னைக்குக் காலையிலயே நிறுத்திருது. வாசப்படியில வந்து நிக்கிற காலையெல்லாம் படிக்குதுல்லா? ஒரு தடவகூடத் தப்பல. தினம் விடிஞ்சா பயந்துகிட்டே கதவத் தொறக்கோம். மேடுபள்ளம்னு பொய்யா எழுதிக் குடுத்தது இதுக்குத்தான். நெசத்தச் சொன்னா ஆபீசுல சிரிப்பாவ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெல்லக் காலைத் தூக்கிச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டேன்.

"தூத்துக்குடியில மக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்கா. அம்மா வரணும்னு ஒரே அழுக. வாசலப் பாத்தா இவ போகமாட்டா. தச்சு வச்சிருக்கது என் நெஞ்ச. போறது நான்தான். அவளாவது பேரப்பிள்ள மொகத்தப் பாக்கட்டும்."

அதற்குள் அவர் மனைவி ஆவுடையம்மாள் பையோடு வந்துவிட்டார். வாசலைப் பார்த்ததும் பை கையிலிருந்து நழுவியது.

"ஏங்க... வாசல்..."

"அம்மா, அது என் தப்பு" என்றேன். "இந்த எடத்துல மட்டும் ஆழமா துளைச்சிட்டேன். தளத்தோட நரம்பு அறுந்துபோச்சு. தானா சரியாயிரும்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அவர் முகம் தெளிந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எனக்குள்ளும் ஒரு சந்தோஷம்.

"இட்லி எடுத்து வச்சிருக்கேன், ஆறிரும். மாத்திரைய மறந்திராதிய" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே வெறும் வாசலைக் கடந்து போனார். தெருமுனையில் பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார். பேச்சிமுத்துவும் அசைத்தார். பேருந்து திரும்பி மறைந்தது.

"இனி சாவு எப்பம் வந்தாலும் சரி" என்று பெருமூச்சு விட்டார்.

அவர் காலடியில் ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கோடுகள் கிளம்பி வளைந்தன.

"ஏ, வருது மேடம்! கோலம் வருது! நான் பொழச்சிட்..."

வார்த்தை பாதியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சாவு இப்போது அந்த வீட்டில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்தேறிப் போய்விட்டது.

"ஆவுட! ஏ ஆவுட, எறங்கு!"

தைத்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பேருந்து போன திசையில் வெறுங்காலோடு ஓடினார். நானும் அலைபேசியில் பேருந்து நிலையத்தின் எண்ணைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினேன். முனையில் திரும்பும்போது ஒரு தடவை பார்த்தேன். அவர் மிதித்துக் கலைத்த கோடுகளைத் தெரு நிதானமாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது.