தொண்ணூறு கிராம் போர்வை

காலை ஆறு மணிக்குப் புதுப் பொள்ளாச்சியில் எல்லார் காதுக்குப் பின்னாலும் மதிப்பெண் வாசிக்கப்பட்டது. கடுகளவுத் தூக்கமானியை அங்கேதான் பதித்திருந்தார்கள். முந்தின இரவு எவ்வளவு ஆழ்ந்து தூங்கினோம் என்று நூற்றுக்கு இத்தனை போட்டுச் சொல்லிவிடும். ஐம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, அடுப்பைத் தொடக்கூடாது, சொந்தக்காரர்களோடு வாக்குவாதம் பண்ணக்கூடாது. செவ்வாய்க் கிரகத்தில் யாரும் மதிக்காத ஒரே சட்டம் அந்த மூன்றாவதுதான்.

தெய்வசிகாமணிக்கு எழுபத்தொன்று வந்திருந்தது. வீட்டில் அவர் தூக்கத்துக்கு ஒரு குறையும் கிடையாது. நாலு கிலோ பஞ்சு ரஜாயைத் தலையோடு காலாக இழுத்துப் போர்த்தினால் அடுத்த நிமிடம் குறட்டை. வெளியூர் போனால்தான் வம்பு. மேலே ஒன்றும் இல்லாவிட்டால் மனுஷர் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பார்.

அந்தச் சீக்கு இப்போது மனைவி நாகலட்சுமியின் வாழ்நாள் ஆசைக்கே உலை வைத்திருந்தது. செம்பள்ளத்தாக்கில் நாலு நாள் நடந்து, கடைசி முனையில் நின்று, சூரியன் நீலமாக மறைவதைப் பார்க்க வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்துத்தான் அனுமதி, அதுவும் ஆயுளில் மூன்றே தடவை. பாறை விளிம்பில் போகிற பாதை என்பதால், ஐம்பது மதிப்பெண் வாங்காத ஆளை ஜோடியோடு வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் கோடையில் முதல் காலையிலேயே அவருக்கு இருபத்திரண்டு. அடுத்த கோடையில் பத்தொன்பது.

"இந்த வாட்டியும் திருப்பி அனுப்புனாங்கன்னா எனக்குத் தாங்காதுங்க மாமா," என்றாள் நாகலட்சுமி. அவள் சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். இப்படிச் சொன்னதும் நேரே கடைக்குக் கிளம்பிவிட்டார்.

முதுகுப்பை ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால், கீழே விழுந்தவர்களைத் தூக்கி வரும் பறப்பான் தாங்காது. தெய்வசிகாமணி ஒரு மாதமாகப் பல்துலக்கியைப் பாதியாய் அறுத்து, சட்டைகளின் லேபிளையெல்லாம் பிய்த்து, கடலைமிட்டாயை உறையிலிருந்து உரித்து, எப்படியோ நூற்றுப்பத்து கிராமுக்கு இடம் மிச்சம் பிடித்திருந்தார்.

கடையில் விற்பனைக்கு நின்ற இயந்திர மனிதனான பொறியன் வணக்கம் சொன்னான். "எத்தன டிகிரிக் குளிருக்குங்ணா வேணும்?"

"குளிரெல்லாம் இல்லப்பா. செம்பள்ளத்தாக்குக்குப் போறோம்."

பொறியன் ஒரு கணம் யோசித்தான். பொறியன்கள் ஒரு கணம் யோசித்தால் அது ரொம்ப நேரம். அந்தப் பள்ளத்தாக்குக்குக் கூரை போட்டு, வானத்தில் ராட்சசக் கண்ணாடிகளை நிறுத்தி வெயிலைத் திருப்பிவிட்டு, நூற்றுநாற்பது வருஷம் பாடுபட்டு அந்தப் பனிக்காட்டைச் சூடாக்கியிருந்தார்கள். கோடையில் அங்கே ராத்திரியிலும் முப்பத்தொரு டிகிரி.

"அப்பறம் போர்வை எதுக்குங்ணா?"

"போத்திக்கத்தான்."

பொறியன் மேற்கொண்டு கேட்கவில்லை. விற்பனைக்கென்று பிறந்தவன். முதலில் ஒரு தூக்கப்பையை எடுத்துப் போட்டான், எழுநூறு கிராம். அடுத்தது அடிப்பக்கமே இல்லாத மெத்தைப் போர்வை. முதுகுக்கடியில் நசுங்குகிற இறகு சூடு தராது, வீண் சுமை என்று அந்தப் பக்கத்தையே வெட்டி எறிந்திருந்தார்கள். அப்படியும் முந்நூற்று நாற்பது. கடைசியாக வந்தது செயற்கைச் சிலந்திப்பட்டு. இழைக்கு இழை காற்றை அடைத்து நெய்தது. தொண்ணூறே கிராம்.

கடை நடுவிலேயே தெய்வசிகாமணி படுத்துப் போர்த்திப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் வியர்த்து வழிந்தது. விலக்கினால் தூக்கம் வராது, போர்த்தினால் வேகும்.

"வேற லேசா இருக்குதா?"

"இதுக்கு மேல லேசுன்னா வெறும் காத்துதானுங்ணா. அத இங்க விக்கறதில்லீங்க."

வேறு வழி தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் நாள் நடை அருமையாகப் போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் முகாமுக்கு வந்து, கூடாரத்துக்குள் ஒத்திகையாக ஒருமுறை போர்த்திப் பார்த்தார். கடையில் வெந்த மாதிரியே வெந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது முகாம் மேலாளரான பெரிய பொறியன் கூடாரம் கூடாரமாகக் குறை கேட்டுக்கொண்டு வந்தான்.

"எல்லாம் வசதிங்களா?"

"பிரமாதம்," என்றார் தெய்வசிகாமணி. கௌரவம் விடவில்லை.

நாகலட்சுமிக்கு அடக்கமாட்டாமல் வந்துவிட்டது. "என்னங்க பிரமாதம்? இவருக்குப் போத்துனாத்தான் தூக்கம் வரும். போத்துனா வேகுது. வெக்கத்த விட்டுக் கேக்கறனுங்க, கொஞ்சம் குளிர வெக்க முடியுமா?"

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். ஐந்து தலைமுறை சேர்ந்து சூடாக்கிய இடத்தைக் குளிரவைக்கச் சொல்கிறாள். கிரகமே சிரிக்கப்போகிறது.

"பதினாறுங்களா, பதினெட்டுங்களா?" என்றான் பெரிய பொறியன்.

"என்னது?"

"கூடாரத்துக்குக் கூடாரம் குளிர்குழாய் போட்டிருக்குதுங்க. நாப்பத்திரண்டு கூடாரத்துல நாப்பத்தியொண்ணு ஏற்கனவே சொல்லிட்டாங்க. எல்லாரும் காதோட காதாத்தான் சொல்லுவாங்க, பக்கத்துக் கூடாரத்துக்குத் தெரிய வேண்டாமுன்னு."

"அப்பறம் ஏனுங்க ரெண்டு வருசமா என்னைத் திருப்பி அனுப்புனீங்க?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. ரெண்டு வாட்டியும் பிரமாதமுன்னுதான் சொன்னீங்க."

நாகலட்சுமி புருஷனைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

பதினாறு வைத்தார்கள். காலையில் தெய்வசிகாமணியின் காதுக்குப் பின்னால் தொண்ணூற்றிரண்டு என்று கேட்டது. நாகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே பையைக் கட்டினாள்.

பெரிய பொறியன் கையில் ஓர் அளவைச் சீட்டோடு தயங்கித் தயங்கி வந்தான். "ஒரு சந்தேகமுங்க. நாங்க கணக்குல எங்கியோ தப்புப் பண்றமோன்னு இருக்குது. ராத்திரி உங்க போர்வைக்குள்ள அளந்து பாத்தமுங்க. சரியா முப்பத்தொரு டிகிரி. குளிர்குழாயத் தொறக்கறதுக்கு முன்னாடி கூடாரத்துலயும் அதே முப்பத்தொண்ணுதான் இருந்துச்சு."

தெய்வசிகாமணி போர்வையை மடித்துப் பைக்குள் திணித்தார்.

"அப்படியா?" என்றார். "இன்னிக்குத் தங்கற எடத்துல பதினஞ்சு வெக்கச் சொல்லிருங்க."