தேனீக்களுக்குச் சொன்னது யார்?

மூடுபனி விலகாத காலையில் த்ரெஃபின் என் அறைக் கதவைத் தட்டினாள். நாங்கள் குடியிருந்துகொண்டே பார்வையாளர்களுக்கும் சுற்றிக் காட்டும் கெர்வோரன் கோட்டையில் சமையலும் வீட்டுச் சாவியும் அவள் பொறுப்பு.

"அம்மா, கீழ வாங்க. தேனீப் பெட்டிக்கெல்லாம் கறுப்பு கட்டியிருக்கு. யாரும்மா செத்தது?"

எங்கள் கடற்கரையில் ஒருவர் இறந்தால், அவர் வளர்த்த தேனீக்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். பெட்டியைத் தட்டி, இறந்தவர் பெயரைச் சொல்லி, கறுப்புத் துணி கட்டுவார்கள். சொல்லாமல் விட்டால் அவையும் செத்துவிடும் என்பார்கள்.

தோட்டத்தின் கடலோர மதிலையொட்டி ஆறு பெட்டிகளும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நின்றன. உள்ளே மெல்லிய ரீங்காரம். த்ரெஃபின் கடைசி இரண்டு பெட்டிகளைக் காட்டினாள்.

"ஐயாவோட நாலுக்கும் கட்டியிருக்கு. என் ரெண்டுக்கும் ஏம்மா? ஈஸ்டருக்கு ஐயாவே கையால குடுத்தாரே. எனக்கும் நாள் குறிச்சிட்டாங்களா?"

ஐயா என்றது என் கணவர் பிரியாக்கை. முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல எலுமிச்சைச் செடிகள் இருக்கும் கண்ணாடி மண்டபத்துக்குப் போனார். தலைவலியால் நான் சீக்கிரமே படுத்துவிட்டேன். காலையில் அவர் பக்கத்துப் படுக்கை கலையாமல் இருந்தது.

த்ரெஃபின் அடுப்படிக்குப் போன பிறகு, காப்பிக் கிண்ணத்தோடு என் கொழுந்தன் எர்வே தோட்டத்துக்கு வந்தான். சரக்குக் கப்பலில் அதிகாரி.

"அண்ணனா? கூரைக்குக் கல்லு ஓடு பாக்கணும்னு ஆன்ஜேர் ஊருக்குப் போயிருக்கான். விடியக்கால ரயிலுக்கு நான்தான் கார்ல கொண்டுபோய் விட்டேன். உங்களை எழுப்ப வேணாம்னான் அண்ணி."

"இந்தத் துணி?"

"எவனோ குறும்புக்காரன். ஆங், பனிக்குழிப் பக்கம் யாரையும் விடாதீங்க. கல்லு சரிஞ்சிருக்கு. கயிறு கட்டிப் பலகை வச்சிருக்கேன்."

அவன் சொன்னதில் தப்பாக எதுவும் இல்லை. இருந்தும், சொல்லாமல் போகிறவர் இல்லை என் கணவர். கீழே துறைமுகத்தில் கெமெனேர் இருந்தார். பிரெஸ்ட் நகரக் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் தேன் வாங்குபவர். அவருக்குத் தொலைபேசி, காலையில் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் புருஷன் உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க ஐயா."

"சீட்டு வாங்கிக்கிட்டு பார்வையாளரா வரேன், மதாம். அக்கா பொண்ணு லெனாவும் வருவா. தினமும் எப்படிச் சுத்திக் காட்டுவீங்களோ, அப்படியே காட்டுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

பத்து மணிக்கு வாயிற்கதவைத் திறந்தோம். மழைச்சட்டை போட்ட பதினைந்து பேர் வந்தார்கள். கெமெனேர் பின்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். லெனா மட்டும் எல்லாவற்றையும் எட்டி எட்டிப் பார்த்தாள். முன்கூடம், சுழல்படி, மூதாதையர் படங்கள். நூறு தடவை சொன்ன கதைகளை என் வாய் சொல்லிக்கொண்டு போயிற்று. மூடுபனிக்குள்ளிருந்து கலங்கரை விளக்கத்தின் ஊதுகுழல் விட்டு விட்டு முனகியது.

கண்ணாடி மண்டபத்தில் லெனா நின்றாள். "மாமா, இந்தக் கல்தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க. பூவாளி எல்லாம் கவுத்து வச்சிருக்கு. செடிக்கு எதை ஊத்தறாங்களாம்!"

"ஆமா" என்றார் கெமெனேர். தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

தேனீப் பெட்டிகளுக்கு வந்தோம். பாரிஸிலிருந்து வந்த ஒரு பெண்மணி படம் எடுத்தாள். "எவ்ளோ அழகு! வருஷா வருஷம் இப்படிக் கட்டுவீங்களா?" நான் கூட்டத்தை நகர்த்தினேன்.

அடுத்து புல் மூடிய மேடும், அதன் இரும்புக் கதவும். குறுக்கே கயிறும் எர்வேயின் பலகையும். "உள்ள என்ன இருக்கு?" என்றார் ஒருவர்.

"அந்தக் காலத்துல பனிக்கட்டி சேத்து வச்ச குழி. இப்ப ஒண்ணுமில்ல" என்றேன்.

அன்று இன்னும் இரண்டு கூட்டங்களுக்கு அதையே சொன்னேன்.

மதியம் மதிலோரம் புகைபிடித்துக்கொண்டிருந்த எர்வேயிடம் கெமெனேர் பேச்சுக் கொடுத்தார். நான் ரோஜாப் பாத்தியில் இருந்தேன்.

"இதை யாரு பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"வேலையத்த பய எவனாவது. அண்ணனோட ஆறு பெட்டியில ஒண்ணைக் கூட விடலையே! தேனீக்கு இழவு சொல்றாங்களாம்! எங்க கப்பல்ல சொன்னா வயிறு வலிக்கச் சிரிப்பானுங்க."

"நீங்க ஊருக்கு வந்து நாளாச்சோ?"

"ஒரு வாரம். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கடல்தான்."

லெனா என் அருகில் வந்து கிசுகிசுத்தாள். "அந்த த்ரெஃபின்தான் மதாம். காலையில இருந்து மூஞ்சியே சரியில்ல. மாமாதான் கேக்க மாட்டேங்கறார்."

கடைசிப் பார்வையாளரும் போனபின் கெமெனேர் எங்கள் எல்லோரையும் கண்ணாடி மண்டபத்துக்கு அழைத்தார். நான், த்ரெஃபின், எர்வே, லெனா. பனி கண்ணாடிகளை வெள்ளையாக அடைத்திருந்தது.

"த்ரெஃபின், ராத்திரி வெளிக்கதவு?"

"பூட்டித்தான் இருந்துச்சு ஐயா. இந்த வீட்டாளுங்க தவிர யாருகிட்டயும் சாவி கிடையாது."

"சரி. அப்ப துணி கட்டினது வெளியாள் இல்ல. இந்த வீட்டுல படுத்தவங்கதான். இங்க தொட்டித் தண்ணியைக் கொட்டினதும் அவங்கதான். உயிர் பிரிஞ்ச இடத்துல தண்ணி இருந்தா ஆவி அதுல விழுந்து முழுகிடும்னு நம்ம பக்கத்துல கொட்டிடுவாங்க. அதனால மதாம்..." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிரியாக் ரயிலுக்குப் போகல. இந்த மண்டபத்தை விட்டே உயிரோட போகல."

நான் செடித்தொட்டியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

லெனா பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "நான் சொல்லல? இதெல்லாம் நம்பறது த்ரெஃபின் ஒருத்திதானே மாமா!"

"நம்பறவ, தான் உயிரோட இருக்கும்போது தன்னோட பெட்டிக்கே இழவு கட்டுவாளா? அதுவும் வேற யாரையாவது மாட்டிவிடறதுக்குன்னு சொல்லாத. ஒண்ணுமே கட்டாம விட்டிருந்தா, ஒரு ஆள் ஊருக்குப் போயிருக்கார்னுதான் எல்லாரும் இருந்திருப்போம். துணி கட்டினவர் மாட்டிவிடக் கட்டல. கட்டாம இருக்க முடியாமக் கட்டியிருக்கார்."

அவர் எர்வே பக்கம் திரும்பினார். "அவருக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கு. பிரியாக் செத்தது தெரியும். பிரியாக்குக்குத் தேனீ உசுருன்னு தெரியும். ஒண்ணு மட்டும் தெரியாது. ஈஸ்டருக்கு ரெண்டு பெட்டி த்ரெஃபினுக்குக் கைமாறினது. மதாமுக்குத் தெரியும், த்ரெஃபினுக்குத் தெரியும். அப்ப கடல்ல இருந்தவருக்குத் தெரியாது. 'அண்ணனோட ஆறு பெட்டி'ன்னு மத்தியானம் நீங்கதான் சொன்னீங்க."

எர்வே சிரித்தான். சத்தம் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. "தேனீப் பெட்டியை எண்ணிக் கொலைகாரனைப் பிடிக்கறீங்களா? நல்லா இருக்கு!"

"பத்தாதுதான். வாங்க, உங்க பலகைக்குப் பின்னாடி எந்தக் கல் சரிஞ்சிருக்குன்னு பாத்துட்டு வருவோம்."

எர்வே நகரவில்லை. அவன் சிரிப்பு மெதுவாக முகத்திலிருந்து வடிந்தது. தூரத்தில் ஊதுகுழல் முனகி நின்றது.

"இந்த இடத்தை ஹோட்டல்காரனுக்குக் குடுத்துடலாம்னேன்" என்றான். "கல்லு பாத்துக் கூரையை மாத்தறேன்னு அவன் அதையே பிடிச்சிக்கிட்டு நின்னான். தள்ளினேன். தள்ளினது மட்டும்தான் அண்ணி. தொட்டி விளிம்புல தலை பட்டுடுச்சு."

"டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமேடா!" என்று த்ரெஃபின் அலறினாள். அவள் அவனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள்.

"மூச்சு இல்ல." அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "யாருக்கும் தெரியாம மறைச்சிடலாம்னுதான் ராத்திரி பூரா இருந்தேன். ஆனா அதுங்களுக்குச் சொல்லலைன்னா செத்துடுமே. அவன் வளத்தது."

கெமெனேரும் லெனாவும் விளக்கோடு பனிக்குழிக்குப் போனார்கள். லெனா திரும்பி ஓடிவரும்போது அவள் முகத்தில் காலையிலிருந்த துடிப்பு எதுவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கதான் இருக்கார் மதாம்" என்றாள்.

காவலர்கள் எர்வேயை அழைத்துப் போனபின் நான் தோட்டத்துக்குப் போனேன். த்ரெஃபினின் இரண்டு பெட்டிகளிலிருந்தும் துணியை அவிழ்த்தேன். "உங்க எஜமானி நல்லா இருக்கா" என்று அவற்றிடம் சொன்னேன். பின்னால் நின்று த்ரெஃபின் அழுதாள்.

மற்ற நான்கில் துணியை அப்படியே விட்டேன். முதல் பெட்டியைத் தட்டி அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ரீங்காரம் அமைதியாக, மாறாமல் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் படுக்கையில் கண் திறப்பதற்கு முன்பே எர்வே இவற்றிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்று நாள் முழுக்க நான் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு இவற்றின் முன்னால் போய்வந்தபோது, அந்தத் தோட்டத்தில் அவருக்கு உரியவர்களில் சேதி தெரியாமல் இருந்தது நான் மட்டும்தான்.