ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது

ஜெல் டப்பாவை முழங்கையால் தட்டிவிட்டதும் ஷாம்தான். சிந்தியதைத் தரைதுடைக்கும் துணியால் ஒற்றியெடுத்ததும் அவனேதான். இனி ஒரு சொட்டு இல்லை. ஒலிக்கருவியின் முனை, அளக்கவேண்டிய சேற்றோடு இடைவெளியில்லாமல் ஒட்ட ஏதாவது ஈரம் வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தையொட்டிய அந்த ஆய்வகத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் பார்க்கப்போகிறார்கள்? எச்சிலைத் தொட்டு முனையில் தடவினான். சாயர்புரம் கல்லூரியில் படிக்கவைத்த அப்பா கண்டிருந்தால் உச்சி குளிர்ந்திருப்பார்.

"இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா வேலை கெடையாது" என்று ஆய்வகப் பொறுப்பாளர் ஜேசுபாதம் சார் சொல்லியிருந்தார். நாளைக் காலை அவருக்கு அறிக்கை வேண்டும்.

ஆழ்கடலில் குழாயை இறக்கி எடுத்த சேறு, நீளவாக்கில் பிளக்கப்பட்டு மேசைமேல் சாம்பல் நிறத்தில் பளபளத்துக் கிடந்தது. ஒரு முனை ஒலியை அனுப்பும், மறுமுனை வாங்கும், இடையில் ஆன நேரத்திலிருந்து ஒலியின் வேகம் தெரியும். இளஞ்சேற்றுக்குள் ஒலி கடல்நீரைவிடச் சற்றுச் சோம்பலாகத்தான் போகும், ஷாம் வேலைக்கு வருவதுபோல. முதல் அளவு, நொடிக்கு ஆயிரத்து நானூற்று எண்பது மீட்டர். சரி.

அதே இடத்தில் மறுபடி வைத்தான். ஆயிரத்து ஐந்நூறு.

சிப்பியை மலைமலையாக அழுகவிட்டு முத்தெடுத்த காலத்தில் இந்தக் கரை எப்படி நாறியிருக்குமோ, அப்படியொரு வாடை மூக்கின் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. முனையைத் தூக்கினான், சேறு சளிபோல நூல்நூலாய் இழுபட்டு மேலே வந்தது. துடைத்தான். விரலிடுக்கில் வழவழப்பு போகவில்லை. வாயில் ஊறியதை விழுங்கவும் கூசியது.

ஆயிரத்து ஐந்நூற்று இருபது. முப்பது. நாற்பது.

எண் அங்கேயே நின்றுவிட்டது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

சாரிடம் சொல்ல முடியாது. ஸ்கேன் சென்டரில் வேலைபார்க்கும் அக்கா ஈவாஞ்சலினைப் போனில் கூப்பிட்டான். அவள் பிழைப்பும் ஒலிதான்.

"அக்கா, ஆயிரத்து ஐந்நூத்தி நாப்பது வேகம் எதுல வரும்?"

"சோறு திங்குத நேரத்துல கேக்குத கேள்வியாலே இது? ஏன், நீ மாசமா இருக்கியோ?"

"வெளையாடாதக்கா. சேத்துல வருது."

"சேத்துலயா? சும்மா இருலே. எங்க மிஷினே அந்தக் கணக்குலதான் ஓடுது."

சேற்றின்மேல் விட்டிருந்த முனை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

அவன் தொடவில்லை.

சேறு முனையைச் சுற்றிக் குவிந்தது. உதடுபோல. ஈரமாக. சப்பியது.

"எந்தக் கணக்குக்கா? நேராச் சொல்லு."

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள்.

"சதைதாம்லே. உசுருள்ள சதை."