பதினேழாம் கட்டிலின் அழைப்பு

மருத்துவமனையின் பின்வாசல் வழியாகத்தான் அவளை அழைத்துப் போனார்கள். மதியம் மூன்று மணி. சர்வர் அறையில் எலும்பைத் துளைக்கும் குளிர். மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல். நோயாளிகளின் அழைப்பு மணிகளையெல்லாம் கவனிக்கும் சர்வர் கணினி, மூன்று நாளுக்கு ஒருமுறை மூச்சுமுட்டி விழுந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் எந்த மணியும் ஒலிக்காது. உயிர் போகிற விஷயம் என்றுதான் மென்பொருள் பொறியாளரான அவளை அவசரமாக வரவழைத்திருந்தார்கள்.

கோளாறு அவளுக்குப் பழகியதுதான். யாராவது மணியை அழுத்தினால் மென்பொருளில் அந்த அழைப்புக்கென ஒரு த்ரெட், தனியாக ஓடும் ஒரு சின்ன வேலை, உருவாகும். நர்ஸ் வந்து கட்டிலருகே இருக்கும் பொத்தானை அழுத்தியதும் அது விடுபடும். விடுபடாதவை நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும்.

பட்டியலை எடுத்தாள். விடுபடாமல் நாலாயிரத்துச் சொச்சம்.

எல்லாம் ஒரே கட்டிலிலிருந்து. பதினேழு.

தலைமை நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

“அந்த வார்டைப் பூட்டி ரெண்டு வருஷமாச்சும்மா. மணி வயரையே கழட்டிட்டாங்க.”

“அந்தக் கட்டில்ல யார் சிஸ்டர் இருந்தாங்க?”

“ஆறு வயசுப் பொண்ணு. அன்னைக்கு நான் ஒருத்திதான் டியூட்டி. ரெண்டு கட்டிலோட மணியும் ஒண்ணா அடிச்சுது. இவ தண்ணிக்குத்தான் கூப்பிடுவான்னு நெனச்சு, இன்னொரு கட்டிலுக்கு ஓடிட்டேன்.” குரல் உடைந்தது. “திரும்பி வந்தப்போ மணியைப் பிடிச்சபடியே கெடந்தா.”

பொறியாளர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பத்து நிமிடத்துக்கு மேல் கிடக்கும் த்ரெட் தானாக விடுபடும்படி நாலு வரி எழுதி ஓட்டினாள்.

எண்ணிக்கை குறையவில்லை.

ஒன்று கூடியது.

இருவரும் வார்டுக்குப் போனார்கள். பூட்டைத் திறந்ததும் பழைய மருந்து நெடி முகத்தில் அடித்தது. கட்டிலில் மெத்தைகூட இல்லை. நர்ஸ் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, செத்துப்போன அந்தப் பொத்தானை அழுத்தினார்.

“வந்துட்டேன் கண்ணு. ரொம்ப லேட்டாயிடுச்சு.”

பொறியாளர் கையிலிருந்த மடிக்கணினியைப் பார்த்தாள். நாலாயிரம், ஆயிரம், நூறு.

பூஜ்ஜியம்.

கதவைப் பூட்டிவிட்டுத் தாழ்வாரத்தில் நடந்தார்கள். நர்ஸின் நடை மெதுவாக இருந்தது. அரை அடிதான் வைத்தார். வலக்கை மட்டும் வீசாமல் தாழ்ந்திருந்தது. விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன.

“சிஸ்டர், கையில என்ன?”

அந்த அம்மாள் நிமிரவில்லை. கண்ணீர் வழிய, கீழே பார்த்தபடியே கிசுகிசுத்தார்.

“விட மாட்டேங்கிறாம்மா.”