காத்துக்கு ஒரு வேட்டி

"காத்துக்கு ஒரு வேட்டி கட்டி வைங்க!"

பெருக்கெடுத்த காட்டாற்றின் அக்கரையில் நின்று தமயந்தியின் அப்பா சேனாதிபதி நேற்றுக் கத்திய கடைசி வார்த்தை அதுதான். கிளாவரை மலையூர்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து விமானத்தில் வருகிறதாம். புல்வெளியை அடையாளம் காட்ட அவரும் கூட வருகிறாராம்.

விடிந்ததும் நாட்டாமை நல்லுசாமி தம் புது வேட்டியோடு புல்வெளிக்கு வந்தார். இரண்டு கம்பம் நட்டு, நாலு முனையையும் இழுத்துக் கட்டினார். வேட்டி சுவர் மாதிரி விறைத்து நின்றது.

"எதுக்கு மாமா இப்படிக் கட்டுறீங்க?" என்றாள் தமயந்தி.

"இருமலுக்குக் கசாயம், காத்துக்கு வேட்டி. தடுப்பு, புள்ள!"

"மலைக்காத்தை ஒரு வேட்டி தடுக்குமா? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மேலயிருந்து பாக்கத்தான் கேட்டிருப்பாங்க. காக்காகூட காத்துக்கு எதிராத்தான் எறங்கும். காத்து பின்னாடி தள்ளுச்சுன்னா விமானம் நிக்காம ஓடிப் பள்ளத்துல விழுந்துரும்!"

"நீ எத்தனை விமானம் ஓட்டுன?"

கூட்டம் சிரித்தது.

"நீங்க எத்தனை ஓட்டுனீங்க?"

சிரிப்பு நின்றது.

"வாயைப் பாரு! வீட்டுக்குப் போ, புள்ள!"

"போக மாட்டேன்."

அதற்குள் உறுமல் கேட்டது. மேற்கு முகட்டைத் தாண்டிச் சின்ன விமானம் ஒன்று வந்தது. முகட்டிலிருந்து உருண்டு வந்த காற்று அதைத் திடீரென்று கீழே அமுக்கியது. விமானம் தள்ளாடி நிமிர்ந்தது. அசையாத வேட்டியைப் பார்த்த விமானி, கீழே காற்றே இல்லை என்று நினைத்துவிட்டார் போலும். நேராக இறங்கத் தொடங்கினார். காற்று முதுகில் தள்ளியது. புல்வெளியின் மறுகோடியில் பள்ளம்.

தமயந்தி பக்கத்தில் நின்ற வடிவு அக்காவின் கூடையிலிருந்து அரிவாளை எடுத்தாள். ஒரு கம்பத்தின் இரண்டு முடிச்சும் அறுந்தன.

"ஐயோ, என் வேட்டி!"

வேட்டி படபடவென்று கிழக்கே நீண்டு பறந்தது. அது இழுத்த இழுப்பில் மிச்சமிருந்த கம்பம் சாய்ந்தது. தமயந்தி ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சக்கரம் புல்லைத் தொடும் நேரம். விமானம் சட்டென்று உறுமி மேலே ஏறியது. பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கிலிருந்து காற்றுக்கு எதிராக வந்தது. இரண்டு குதி குதித்து நின்றது.

அப்பா மருந்துப் பெட்டியோடு இறங்கினார்.

"சேனாதிபதி, உன் மக என் புது வேட்டியைக் கிழிச்சுட்டா!" என்றார் நல்லுசாமி.

"கிழிச்சதாலதாங்க நாங்க பொழச்சோம்," என்றார் விமானி, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி.

"கம்பத்தை விட்டுட்டு வாத்தா," என்று அப்பா கை நீட்டினார்.

"மாட்டேன். காத்து இன்னும் நிக்கலை. விமானம் திரும்பிப் போக வேண்டாமா?"

நல்லுசாமி வேட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து கம்பத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இறுக்கிப் பிடிங்க, மாமா!" என்றாள் தமயந்தி.