படுக்கையின் சுவரோரம்

படுக்கையின் சுவரோரப் பாதி மட்டும் படத்தில் கலங்கியிருந்தது.

லேப்டாப் திரையில் மற்றதெல்லாம் துல்லியம். வெள்ளையாக வெளுத்துப் போகாமல் ஜன்னல் கம்பிகளும், கம்பிக்கு அப்பால் வெயிலில் நிற்கிற புளியமரமும், இருட்டில் மூழ்காமல் பீரோவின் அடிப்பக்கமும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. முதல் முயற்சிக்கு இதுவே அதிகம். சுவரோரத்தில்தான், ஈரக்கையால் யாரோ துடைத்ததுபோல், பெட்ஷீட்டின் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இழுபட்டிருந்தன.

கேசியா ஹரிபிரசாத்துக்கு போன் செய்தாள். அவள் கணவன் ஜோஷுவாவோடு திருப்பதி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன்.

"எதனா அசைஞ்சிருக்கும்க்கா. இருட்டா ஒரு போட்டோ, நடுத்தரமா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு, மூணும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காரணும் இல்ல? நடுவுல எது அசைஞ்சாலும் இழுத்துக்கும். ஃபேன் ஓடிக்கினு இருக்குதா?"

"இல்ல."

"அப்ப ஸ்டாண்டை இடிச்சிருப்பீங்க. இன்னொருக்கா எடுங்க. திங்கக்கிழமை திருச்சானூர் லாட்ஜு, முப்பது ரூமு எடுக்கணும். ஓனரு என்னாட்டம் தங்கமான மனுசன் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. எட்டு மாதமாகச் சிரிப்போ அழுகையோ பசியோ எதுவும் தானாக வருவதில்லை.

ஜோஷுவா காளஹஸ்தியில் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது வேன்மேல் லாரி. வேனில் இருந்த நான்கு பேரும் போனார்கள். சட்டைப்பையில் கிடைத்த கார்டைப் பார்த்துப் பெயர் எழுதி, ஆஸ்பத்திரியில் பெட்டியை ஆணியடித்தே கொடுத்தார்கள். சித்தூரில் பெரியவர்கள் திறக்க விடவில்லை. வழக்கப்படி சொந்தபந்தம் முழுக்கப் பெட்டியைச் சுற்றி நின்று கடைசி போட்டோ எடுத்துக்கொண்டது. மூடிய பலகையில் கை வைத்துத் தலைமாட்டில் கேசியா நின்றாள்.

முகத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பாள். அழுதிருந்தால் முடிந்திருக்கும். முடியாததால் இன்றுவரை சுவரோரத்தை அவனுக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் படுக்கிறாள். அவனுடைய நீலக் கட்டம் போட்ட லுங்கி மடித்தபடி அங்கே கிடக்கிறது. விளக்கை அணைத்ததும், அன்று நடந்ததையெல்லாம் சுவர்ப்பக்கம் பார்த்து மெல்லச் சொல்வாள். வந்துடுங்க, என்பாள் கடைசியில்.

"இன்னாடி, காலிக் கட்டிலைப் போயி மூணு மூணா போட்டோ எடுத்துக்கினு இருக்கற? அது இன்னா கல்யாணப் பொண்ணா?" மாமியார் ஜெயசீலி வாசலில் நின்றாள்.

"வேலை கத்துக்கறேன் அத்தே."

"கத்துக்க. எம்புள்ள கேமராவைக் கீழ போட்டுடாத." செருப்பை இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

கேசியா கதவைச் சாத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினாள். பிற்பகலின் நிசப்தத்தில் ஷட்டர் மூன்று முறை திறந்து மூடியது. இந்த முறை கலக்காமல், மூன்று படங்களையும் தனித்தனியாகத் திறந்தாள்.

இருட்டுப் படத்தில் ஒன்றுமில்லை. நடுப்படத்தில், சுவரையொட்டி நீளமான ஒரு நிழல். வெளிச்சப் படத்தில், முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து ஒருவன் படுத்திருந்தான். இடுப்பில் நீலக் கட்டம்.

கட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். பூப்போட்ட பெட்ஷீட். மடித்த லுங்கி. சுவரோரம் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான்.

பயம் வரவில்லை. கண்ணோரம் மட்டும் லேசாகச் சுட்டது. எட்டு மாதத்தில் உடம்பு உணர்ந்த முதல் சூடு. ஜோஷுவா கோபித்துக்கொண்டால் இப்படித்தான், சுவரைப் பார்த்துப் படுப்பான். அப்போதெல்லாம் சொல்வதையே இப்போதும் சொன்னாள்.

"ஏங்க. இந்தப் பக்கம் திரும்புங்க."

வெளிச்சப் படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நான்கு விநாடியாகக் கூட்டினாள். ரிமோட்.

மல்லாந்து படுத்திருந்தான். மார்பின்மேல் கைகள். பீரோவின் நிழல் முகத்தை மறைத்தது. அறைக்குள் ஈரப் பலகையின் வாடையும், அதற்கடியில் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஏறிய அந்த மருந்து நெடியும் கிளம்பி வந்தன.

"ஒரே ஒருக்கா. மூஞ்சியைக் காட்டுங்க. அது போதும்."

எட்டு விநாடி. ஷட்டர் திறந்தது. எண்ணினாள். கட்டில் முனகியது. மூடியது.

திரும்பியிருந்தான். கையில் கன்னத்தை வைத்து, அவள் படுக்கும் இடத்தைப் பார்த்து.

படத்தைப் பெரிதாக்கினாள். நரைத்த தாடி முள். தடித்த உதடு. நெற்றியின் குறுக்கே தையல். ஐம்பது வயதிருக்கும்.

ஜோஷுவாவுக்கு முப்பத்தாறு.

இன்னொரு முறை பார்த்தாள். பார்த்ததே இல்லாத முகம். திறக்க விடாத பெட்டிக்குள் இருந்த முகம். எட்டு மாதம், ராத்திரி ராத்திரியாக, அவள் சொன்னதையெல்லாம் கேட்ட முகம். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வந்துவிட்டவனின் நிம்மதி அதில்.

கண்கள் திறந்திருந்தன. அவை அவள் தலையணையைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தன.

"அத்தே," என்றாள். சத்தம் வரவில்லை.

எதிரே காலிக் கட்டில். பகல் வெளிச்சம். சுவரோரக் குழி மெதுவாக மேலெழும்பிச் சமமானது. நடுப்படுக்கை அமுங்கியது. நிமிர்ந்தது. பிறகு, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, இந்தப் பக்கத்து ஓரம், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, அமுங்கிக்கொண்டே வந்தது.