நடை சாத்தியாச்சு

உப்பளத்து விலக்கில், கோயில் முன்னால் ஆட்டோ நின்றபோது உச்சி வெயில். செல்லக்கிளி தன் புருஷன் மாடக்கண்ணுவைக் கைபிடித்து இறக்கினாள். அந்த வெயிலிலும் அவன் கை குளிர்ந்து கிடந்தது.

"இங்கன எதுக்கு மகளே கூட்டியாந்த?" என்றான்.

மகளே! துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன், கட்டிய நாள் முதல் 'கிளி' என்றே அவளைக் கூப்பிட்டவன். கோயில் கொடைத் திருவிழா முடிந்ததிலிருந்து இப்படித்தான்.

அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடனுக்குக் கூரையும் இருந்ததில்லை, கதவும் இருந்ததில்லை. வெட்டவெளியில் ஒரு மண்பீடம், அவ்வளவுதான். கொடைக்குக் கொடை சாமி மாடக்கண்ணு மேல் வந்து, சுடுகாட்டுக்கு வேட்டைக்கு ஓடும். திரும்பி வந்து பீடத்தைக் கட்டிப்பிடித்தால்தான் அவனை விட்டு நீங்கும். இந்த வருஷம் பீடத்தை இடித்துவிட்டுக் கருங்கல்லில் சிரித்த முகமாகச் சிலை வைத்தார்கள். கிடாவும் சுருட்டும் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. கூடவே கம்பிக் கதவும் வந்தது. வேட்டை முடிந்து மாடக்கண்ணு ஓடிவந்தபோது கதவு பூட்டிக் கிடந்தது.

சாமி நீங்கவில்லை.

கோயில் செயலாளர் லிங்கராஜ் கதவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் தொறங்க. இவிய உள்ள போயி சாமியத் தொட்டுட்டு வந்திரட்டும்."

"நாலரைக்குத்தான் நடை. போர்டுல போட்டிருக்குல்லா? அப்பவும் கம்பிக்கு வெளிய நின்னுதான் கும்பிடணும்."

"வேட்டைக்குப் போன சாமிக்கு போர்டு வாசிக்கத் தெரியுமா?"

"ஏளா, அதெல்லாம் அந்தக் காலம். இப்ப இவரு சுடலை ஈஸ்வரர். சுத்த சைவம். வேட்டைக்கெல்லாம் போவ மாட்டாரு."

"இவரு போவ மாட்டாரு. போனவரு எங்கன நிக்காருன்னு சொல்லுங்க."

"டாக்டர்ட்ட காட்டு."

"காட்டியாச்சு. ஒண்ணுமில்லங்காரு. கோயில் தலைவரக் கேட்டா அர்ச்சகரக் கேளுங்காரு, அர்ச்சகரக் கேட்டா ஒங்களக் கேளுங்காரு. நான் யாரத்தான் போயி முட்ட?"

லிங்கராஜ் மூக்கைச் சுருக்கினார்.

"யாரு சுருட்டு குடிக்கது?"

யாரும் குடிக்கவில்லை.

மாடக்கண்ணு சூரியனை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றான். கண் சிமிட்டவில்லை.

"ஏலே லிங்கம்," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "எம் பீடத்து மண்ண எங்கல கொட்டுனிய?"

லிங்கராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ரோட்டுப் பள்ளத்துல…"

"அப்ப சரி. எனக்கு இந்த ஒடம்பு போதும்."

நாற்காலி சரிந்தது. லிங்கராஜ் திரும்பிப் பாராமல் உப்பள வரப்பில் ஓடினார்.

"அண்ணாச்சி! சாவி! சாவியக் குடுத்துட்டுப் போங்க!"

இடுப்பில் சாவி கிலுகிலுக்க அவர் போயே விட்டார். செல்லக்கிளி பூட்டைப் பிடித்து ஆட்டினாள். கம்பியில் தலையை மோதினாள்.

உள்ளே பொங்கல் புளித்த வாடை. எண்ணெய் தீர்ந்த விளக்கு. கருங்கல் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"கிளி…"

குரல் கம்பிக்கு உள்ளேயிருந்து வந்தது.

"கிளி, ஒரே இருட்டா இருக்கு. தொறக்கச் சொல்லுளா."

குளிர்ந்த கை ஒன்று பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டது.

"நடை சாத்தியாச்சு மகளே. வா, வீட்டுக்குப் போவோம்."